‘அப்’ வந்தால் வினையின் வாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘அப்’ (up) என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள்களை வரிசையாக அடுக்கி, ‘தலை சுற்றுகிறதா?’ என்று கேட்டு முடித்திருந்தீர்கள். ஆங்கிலத்திலும் இரண்டே எழுத்து, தமிழில் எழுதினாலும் இரண்டே எழுத்து. இதற்கா இத்தனை பொருள் என்று வாசகர்கள் வியந்திருப்பார்கள். படிக்கச் சுவைதான். ஆனால் வியப்போடு விட்டுவிட்டால் அதே சொல் மறுநாள் செய்திப் பக்கத்தில் காலை வாரிவிடும். மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்களுக்கும், கல்லூரியில் மொழிபெயர்ப்புத் தாள் எழுதும் மாணவர்களுக்கும் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் இதுதான் என்று போட்டிருந்தீர்கள். அது சரியல்ல. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் முதலிடம் பிடித்தது ‘செட்’: 430 பொருள், ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளும் விளக்கம். பிற்பாடு, அந்த அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ‘ரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் உழைத்தார். வினையாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும் 645 பொருள் தேறியது. ‘அப்’ அந்தப் பந்தயத்திலேயே இல்லை. அதன் சாமர்த்தியம் வேறு. தனியாக நின்று பேசுவதைவிட, இன்னொரு வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டு அந்த வினையையே திசை திருப்பிவிடும்.

செய்தியில் அதிகச் சேதம் செய்வது எண்ணோடு சேர்ந்து வரும் ‘அப்’. ‘அப் டு 200’ என்றால் 200 வரை; அதற்கு மேல் இல்லை. ‘அப்வர்ட்ஸ் ஆஃப் 200’ என்றால் 200க்கும் மேல், அதற்குக் குறைவில்லை. வெறும் ‘அப் 200’ என்றால் முன்பு இருந்ததைவிட 200 கூடியிருக்கிறது. மூன்றையும் ‘சுமார் 200’ என்று எழுதிவிட்டுப் போகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற செய்திகளில் இது உயிர்க்கணக்கையே புரட்டிவிடும். முதலாவது மேல் வரம்பு, இரண்டாவது கீழ் வரம்பு, மூன்றாவது வெறும் வித்தியாசம். மூன்றுக்கும் தமிழில் வேறு வேறு சொல் இருக்கிறது: ‘வரை’, ‘-க்கும் மேல்’, ‘கூடியது’. ‘சுமார்’ இதில் எதற்கும் பொருந்தாது.

சதவீதத்தில் இன்னொரு பள்ளம். ‘அப் ஃப்ரம் 4 பர்சென்ட் டு 6 பர்சென்ட்’ என்று வந்தால் ‘2 சதவீதம் உயர்வு’ என்று எழுதக் கூடாது. அது 2 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதத்திலேயே சொல்ல வேண்டுமென்றால், 4க்கு 2 என்பது பாதி. ஆகவே 50 சதவீத உயர்வு. எதற்கு வம்பு, ‘4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது’ என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பங்குச் சந்தைச் செய்தியில் ‘மார்க்கெட்ஸ் க்ளோஸ்ட் அப்’ என்று வரும். சந்தை மூடப்பட்டது என்று பொருளல்ல. அன்றைய வணிகம் ஏற்றத்தில் முடிந்தது. ஒரு கடையைப் பற்றி ‘க்ளோஸ்ட் அப்’ என்றால் மூடிவிட்டார்கள். ஒரே இரண்டு சொல். எழுவாயைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தேதியோடு ‘அப் டு’ வரும்போது வேறொரு தொல்லை. ‘அப் டு மார்ச் 31’ என்றால் 31ஆம் தேதியும் சேர்த்தியா? ஆங்கில ஒப்பந்தம் எழுதுபவர்கள் சந்தேகம் வேண்டாம் என்று ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங்’ என்று இழுத்து எழுதுவார்கள். நம் ‘வரை’க்கும் இதே நோய் உண்டு. ஆனால் நம் அலுவலகத் தமிழில் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: ‘முடிய’. ‘01.04.2023 முதல் 31.03.2024 முடிய’ என்று ஆணைகளில் வருமே, அது. கடைசி நாளும் முடியவேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. டெண்டர் அறிவிப்பு, தேர்வு விண்ணப்பச் செய்தி ஆகியவற்றில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். (போகிற போக்கில்: ஆங்கிலத்தில் ‘அப்டு’ என்று ஒட்டி எழுதப்படும் ஒற்றைச் சொல் கிடையாது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில்தான் அது வாழ்கிறது.)

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ‘அப்’பைப் பார்த்ததும் ‘மேலே’ என்று தேடுவதுதான் அடிப்படைத் தவறு. பல இடங்களில் அது திசை காட்டுவதில்லை. செயல் எப்படி முடிந்தது என்று காட்டுகிறது. தமிழில் இந்த வேலையைச் செய்பவை, வினைக்குப் பின்னால் ஒட்டி வரும் துணைவினைகள்: விடு, தீர், போடு, வை, கொள், எழு. ஆகவே ‘அப்’புக்கு ஈடு தேட வேண்டிய இடம் வினையின் வால்.

‘ட்ரிங்க் தி மில்க்’ என்றால் பாலைக் குடி. ‘ட்ரிங்க் அப் தி மில்க்’ என்றால் பாலைக் குடித்துவிடு. டம்ளரில் மிச்சம் இருக்கக் கூடாது என்ற செய்தியை ஆங்கிலத்தில் ‘அப்’ சொல்கிறது, தமிழில் ‘விடு’ சொல்கிறது. குடிக்கச் சொன்னவர் எதையும் விடச் சொல்லவில்லை. அங்கே பால் மேலேயும் போகவில்லை. வெட்டுக்கிளிகள் பயிரை ‘ஏட்’ (ate) என்றால் தின்றன. ‘ஏட் அப்’ என்றால் தின்று தீர்த்தன. காகிதத்தை ‘டோர்’ (tore) என்றால் கிழித்தான், ஓரம் மட்டும் கிழிந்திருக்கலாம். ‘டோர் அப்’ என்றால் கிழித்துப் போட்டான், இனி அது காகிதமில்லை. ‘லாக் அப்’ பூட்டிவை. ‘சேவ் அப்’ சேர்த்துவை. நாயை ‘டை அப்’ செய்தால் கட்டிப்போடு. மக்கள் ‘ரோஸ் அப்’ என்றால் கிளர்ந்தெழுந்தார்கள்.

இதில் மிக நுட்பமானது ‘கொள்’. ஒருவர் தமிழை ‘லேர்ன்ட்’ என்றால் கற்றார்: ஆசிரியர், புத்தகம், பாடம் எல்லாம் இருந்திருக்கும். ‘பிக்ட் அப்’ என்றால் பக்கத்து வீட்டிலும் சந்தையிலும் காதில் விழுந்ததை வைத்துப் பழகிக்கொண்டார். ‘எடுத்தார்’ என்று எழுதினால் அபத்தம். ‘கற்றார்’ என்று எழுதினால் பாதிதான். ‘பழகிக்கொண்டார்’ என்று எழுதினால் முழுசாக வந்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழ்த் துணைவினைகள் செயல் முடிந்ததை மட்டும் சொல்வதில்லை. சொல்பவரின் மனநிலையையும் கசியவிடும். ‘போடு’வில் ஒரு அலட்சியம், ‘தொலை’யில் எரிச்சல், ‘தள்ளு’வில் கொஞ்சம் கேலி. ஒரு நாடு உடன்படிக்கையை ‘டோர் அப்’ செய்தது என்று ஆங்கில நிறுவனம் எழுதினால், ‘கிழித்துப் போட்டது’ என்பது தலையங்கத்துக்குச் சரி, செய்திக்குச் சூடு அதிகம். ‘உடன்படிக்கையைக் கைவிட்டது’ போதும். அந்தக் ‘கைவிடு’வுக்குள்ளேயே ஒரு ‘விடு’ இருக்கிறது. அதே போல, ‘அப்’ ஒட்டியிருக்கிறதே என்பதற்காக எல்லா இடத்திலும் ‘விடு’ சேர்க்க வேண்டியதில்லை. ‘ஹெட் அப் தி கமிட்டி’ என்பதற்குக் குழுவுக்குத் தலைமை தாங்குவது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே ‘அப்’ வெறும் பழக்கதோஷம். தாராளமாக உதறிவிடலாம்.

சரி, எது ஒட்டிய ‘அப்’, எது உண்மையிலேயே மேலே போகும் ‘அப்’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வகுப்பறைகளில் பல காலமாகப் பயன்படும் ஒரு ஜோடி இருக்கிறது. ‘ஹீ ரான் அப் அ ஹில்’, ‘ஹீ ரான் அப் அ பில்’. முதலாமவன் குன்றின் மேல் ஓடினான். இரண்டாமவன் கடையில் பாக்கியை ஏற்றிக்கொண்டான். ‘அப்’பைப் பிடித்து வாக்கியத்தின் முன்னால் வையுங்கள். ‘அப் தி ஹில் ஹீ ரான்’ என்று சொல்லலாம். ‘அப் தி பில் ஹீ ரான்’ என்று எந்த ஆங்கிலேயனும் சொல்லமாட்டான். ‘அப்’ அங்கே வினையோடு ஒட்டிவிட்டது, பிரித்தெடுக்க வராது. இன்னொரு சோதனை, பெயருக்குப் பதிலாக ‘இட்’ போடுவது. குன்று என்றால் ‘ரான் அப் இட்’. பாக்கி என்றால் ‘ரான் இட் அப்’. ஒட்டிய ‘அப்’ என்றால் ‘இட்’ நடுவில்தான் உட்காரும். நம் மாணவர்கள் ‘பிக் அப் இட்’ என்று எழுதி மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான்.

காதால் கேட்டு எழுதுபவர்களுக்கு இன்னும் எளிது. ஒட்டிய ‘அப்’பை ஆங்கிலேயர் அழுத்திச் சொல்வார்கள். ‘லுக் அப் தி வர்ட்’ என்று அகராதி பார்க்கச் சொல்லும்போது அழுத்தம் ‘அப்’பில். அதுவே பெயர்ச்சொல்லாகிவிட்டால் அழுத்தம் முன்னால் ஓடிவிடும்: ‘செட்-அப்’, ‘பிக்-அப்’ என்பவற்றில் ‘செட்’டும் ‘பிக்’கும்தான் ஓங்கி ஒலிக்கும். எழுத்திலும் வினை என்றால் இரண்டு சொல், பெயர் என்றால் ஒட்டியோ இடையில் கோடு போட்டோ ஒரு சொல்.

‘அப்’ வினைக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதும் உயிர்நாடி. நீதிமன்றச் செய்தியில் ‘அப்ஹெல்ட்’ என்றால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ‘ஹெல்ட் அப்’ என்றால் முடங்கிக் கிடக்கிறது. மசோதாவைப் பற்றிய வரியில் இரண்டையும் மாற்றிப் போட்டால் நடந்ததற்கு நேர் எதிரான செய்தி அச்சாகும். இந்த ‘ஹெல்ட் அப்’ வங்கியைப் பற்றி வந்தால் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளை. பயணியைப் பற்றி வந்தால் தாமதம். ‘செட் அப்’ நிறுவுவது, ‘அப்செட்’ கவிழ்ப்பது. வேடிக்கை என்னவென்றால், இடைக்கால ஆங்கிலத்தில் ‘அப்செட்’டுக்கும் நிமிர்த்தி வைப்பது என்றுதான் பொருள் இருந்தது, பிறகு தலைகீழாகிவிட்டது. ‘அப்சைட் டவுன்’ என்ற சொல்லும் முதலில் ‘அப் சோ டவுன்’ என்றுதான் இருந்தது. ‘சைட்’ என்பது காது திரித்துச் சேர்த்தது.

எல்லாவற்றையும் துணைவினையால் சமாளித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ‘மேக் அப்’, ‘பிரிங் அப்’ போன்றவை தனி வினைகளாகவே வளர்ந்துவிட்டன. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘எதை?’ என்பது. கதையை ‘மேக் அப்’ செய்தால் கட்டினான். நஷ்டத்துக்கு என்றால் ஈடுகட்டினான். சண்டைக்குப் பின் என்றால் சமாதானமானான். மக்கள்தொகையில் இத்தனை பங்கு என்றால் வெறும் ‘இருக்கிறார்கள்’. பிள்ளையை ‘பிராட் அப்’ என்றால் வளர்த்தாள். பிரச்சினையை என்றால் எழுப்பினாள். மருத்துவக் குறிப்பில் சளியை என்றால் இருமித் துப்பினாள். சாப்பிட்டதை என்றால் வாந்தி எடுத்தாள். மருத்துவத் துண்டறிக்கை மொழிபெயர்ப்பவர்கள் இந்தக் கடைசி இரண்டில் கவனமாக இருக்க வேண்டும். நோயாளி இருமித் துப்பினாரா, வாந்தி எடுத்தாரா என்பதைப் பொறுத்து மருத்துவர் வேறு நோயைத் தேடுவார்.

விளையாட்டுப் பக்கத்தில் ‘அப்’ வேறு வேஷம் போடும். விக்கெட் கீப்பர் ‘ஸ்டாண்டிங் அப்’ என்றால் எழுந்து நிற்கிறார் என்பதல்ல. ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கிறார். சுழற்பந்துக்கு அப்படித்தான் நிற்பார்கள். வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளி நிற்பது ‘ஸ்டாண்டிங் பேக்’. ‘மிட் ஆஃப் இஸ் அப்’ என்றால் அந்த இடத்து ஃபீல்டர் எல்லைக்கோட்டில் இல்லை, உள்ளே வந்து நிற்கிறார். தலைக்கு மேல் தூக்கி அடிக்கலாம் என்று பேட்ஸ்மேனுக்குச் சொல்லும் தகவல் அது. பந்து ‘பிட்ச்ட் அப்’ என்றால் உயரமாக வந்தது என்பதற்கு நேர்மாறு: பேட்ஸ்மேனுக்கு அருகே தரையில் குத்தியது. இந்த மூன்றிலும் ‘அப்’ என்றால் ‘கிட்டே’. ‘கேம் அப் டு மீ’ என்றால் என்னருகே வந்தான் என்பதும் இந்தக் குடும்பம்தான். ‘ஒன் அப் இன் தி சீரிஸ்’ மட்டும் தனி. தொடரில் ஓர் ஆட்டம் முன்னிலை.

திசையே குறித்தாலும் ‘அப்’ எப்போதும் ஆகாயத்தைக் காட்டுவதில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிச் செல்லும் பாதை ‘அப்’. ஏற்றமா இறக்கமா என்பது பொருட்டே அல்ல. அந்த வழக்கத்தோடுதான் ‘அப் லைன்’, ‘டவுன் லைன்’ நம் ரயில்வேக்கும் வந்து சேர்ந்தன. ஆக்ஸ்போர்டு மாணவன் பல்கலைக்கழகத்துக்குச் செல்வது ‘கோ அப்’. அவனை ‘சென்ட் டவுன்’ செய்தார்கள் என்றால் கீழே அனுப்பவில்லை, கல்லூரியை விட்டே நீக்கினார்கள். நீதிமன்றச் செய்தியில் அதே ‘சென்ட் டவுன்’ சிறைத்தண்டனை. இதைக் கேட்டு ஆங்கிலேயன் மூளை விசித்திரம் என்று சிரிக்க வேண்டாம். நாம் மேற்கு என்கிறோமே, அது ‘மேல்’தான், கிழக்கு ‘கீழ்’தான். மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் இருக்கும் நிலத்தின் சரிவு நம் திசைப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. தஞ்சாவூர் மேலவீதி கீழவீதியைவிட மாடி உயரத்திலா இருக்கிறது? இலங்கையில் ‘அப் கன்ட்ரி’ என்பதை ‘மலையகம்’ என்று தமிழாக்கியவர், ‘மேல்நாடு’ என்று எழுதாமல் நிலத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். ‘மேல்நாடு’ என்று போயிருந்தால் ஐரோப்பா என்றல்லவா ஆகியிருக்கும்!

கணினித் தமிழில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். ‘அப்லோட்’ பதிவேற்றமானது, அங்கே ஏறுவது என்ற உருவகம் தமிழிலும் இயல்பாக நின்றது. ‘அப்டேட்’டை ‘மேல்தேதி’ ஆக்காமல் ‘புதுப்பித்தல்’ என்றும் ‘இற்றைப்படுத்தல்’ என்றும் ஆக்கினார்கள். உருவகம் ஒட்டினால் வைத்துக்கொள்வது, ஒட்டாவிட்டால் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது. ‘வாட்ஸ்அப்’ எழுத்துக்கூட்டல் பற்றி உங்கள் பக்கங்களிலேயே இரண்டு கட்சி தெரிகிறது. ‘வாட்ஸ் அப்’ என்ற குசல விசாரிப்பையும் செயலியைக் குறிக்கும் ‘ஆப்’பையும் சிலேடையாகக் கோத்து வைத்த பெயர் அது. எழுத்தைப் பார்த்தால் ‘ஆப்’, விசாரிப்பைப் பார்த்தால் ‘அப்’. ஏதாவது ஒன்றை ஒரே மாதிரி எழுதினால் சரி.

கடைசியாக, நம்மிடம் வந்து குடியேறிய ‘அப்’கள். இவை இங்கே வந்ததும் குணம் மாறிவிட்டன. ஆங்கிலத்தில் ‘பில்ட்-அப்’ பெரும்பாலும் படிப்படியாகச் சேர்வது; தமிழில் ‘பில்டப்’ என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டும் அலட்டல். ஆங்கிலச் ‘செட்-அப்’ பெரும்பாலும் வெறும் ஏற்பாடு. நம் ‘செட்டப்’பில் திருட்டு வாடை அடிக்கும். ‘லாக்கப்’ காவல் நிலையத்து அறையாகவே சுருங்கிவிட்டது. ஆகவே ஆங்கிலச் செய்தியில் ‘மிலிட்டரி பில்ட்-அப்’ என்று வந்தால் ‘ராணுவ பில்டப்’ என்று எழுதிவிடாதீர்கள்; எல்லையில் படைகுவிப்பு, வீறாப்பாகிவிடும்.

இதில் ‘பேக்கப்’ மட்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொல். படப்பிடிப்பு முடிந்து மூட்டை கட்டுவதும் ‘பேக்கப்’, கணினியில் காப்புநகல் எடுப்பதும் ‘பேக்கப்’. ஆங்கிலத்தில் முதல் ஒலியே வேறு: ஒன்றில் ‘p’, மற்றதில் ‘b’. தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. மேலே புள்ளி வைக்கலாம், அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் போடலாம் என்றெல்லாம் யோசனை சொல்கிறார்கள். தேவையில்லை. ‘பேக்கப் சொல்லியாச்சு’ என்றால் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பலாம். ‘பேக்கப் எடுத்தாச்சு’ என்றால் கோப்பு பத்திரம். ‘சொல்’லும் ‘எடு’வும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பயிற்றுநர்,
தஞ்சாவூர்.